பட்டாசு வெடிக்காத ஊருக்கு நான் போகாத வருஷம்

புதிதாகச் செய்தியாளர் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து, நான் எழுதியதிலேயே நல்ல செய்தி எது, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல செய்தி எழுதிய கதைகளை எல்லாம் என் பிரிவுபசார விழாவிலேயே சொல்லித் தீர்த்துவிட்டேன். பாதிக் கதையில் கூட்டம் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டது. அதனால் மோசமான செய்தி ஒன்றை எழுதிய கதையைச் சொல்கிறேன். இதற்கு யாரும் எழுந்து போவதில்லை என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காரைக்குடியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே நாளிதழுக்குப் பகுதிச் செய்தியாளராக இருந்தேன். நம்மை யார் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே பத்து வருஷம் ஆனது. அரசியல்வாதி தன் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைக்காரர் எதிர்க்கடைக்காரரின் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பார். விபத்துச் செய்தியைத் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் காட்டு விலங்கு, பறவை பற்றிய செய்திக்கு மட்டும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற வாசகர்கள் உண்டு. படித்துவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டார்கள்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு கூட்டம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் எட்டுப் பத்துப் பேர் கூடுவார்கள். ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் வந்த காட்டுச் செய்தி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பேப்பரில் வெட்டியதாக இருக்கலாம், போனில் வந்ததாகவும் இருக்கலாம். எழுந்து நின்று வாசிக்க வேண்டும். மலையூர் ஒன்றில் யானை ரேஷன் கடைச் சுவரை இடித்து அரிசியை விட்டுவிட்டுச் சர்க்கரையை மட்டும் தின்றது, மின்வாரிய அலுவலகத்துக்குள் சாரைப்பாம்பு புகுந்ததால் ஊழியர்கள் ஒரு நாள் முழுக்க வெளியில் உட்கார்ந்திருந்தது என்று ஒவ்வொன்றாக வரும். சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், காப்பி வரும்.

இந்தக் கூட்டத்தை நடத்தியவர் வள்ளியம்மை ஆச்சி. அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. கண்டரமாணிக்கத்தில் இருக்கும் தன் பங்கு வீட்டைச் சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்கு விட்டிருந்தார். மீதி நேரமெல்லாம் காட்டுச் செய்திதான். வெட்டி ஒட்டிய நோட்டுகள் மட்டும் ஒரு மர அலமாரி நிறைய இருக்கும். யார் எந்தச் செய்தியை வாசித்தாலும் ஆச்சி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யாரு பாத்தது?" வாசித்தவரிடம் பதில் இல்லாவிட்டால் அது நோட்டில் ஏறாது. தெருவில் சிறுத்தை நடமாட்டம் என்று வருகிற செய்திகளில் பத்தில் ஒன்பது அந்தக் கேள்வியில் நாயாகவோ காட்டுப்பூனையாகவோ மாறிவிடும்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை கொக்கின் படத்தைப் போட்டு அடியில் நாரை என்று அச்சாகிவிட்டது. காலை ஆறு மணிக்குப் போன். "தம்பி, மூக்கைப் பாத்தீகளா? காலைப் பாத்தீகளா? எதைத்தான் பாத்தீக?" என்றார். அன்றிலிருந்து பறவைச் செய்தி எழுதும்போது மட்டும் நான் ஒழுங்காக இருந்தேன். பல வருஷம் அப்படி இருந்ததற்குப் பரிசாக, என் பெயர் போட்டு வருகிற செய்திக்கு மட்டும் அந்தக் கேள்வியை ஆச்சி கேட்பதில்லை என்று ஆனது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காளையார்கோவில் பக்கம் கண்மாய்க்கரை ஊர் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். மழைக்காலம் தொடங்கும்போது அந்தக் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் பறவைகள் வந்து கூடு கட்டும். அதனால் அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மத்தாப்புக் கொளுத்தலாம், சத்தம் மட்டும் கூடாது. எப்போது யார் போட்ட கட்டுப்பாடு என்று யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்குக் கொட்டு அடிப்பதாக இருந்தால்கூட ஊருக்குக் கிழக்கே போய்த்தான் அடிப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் போய்ப் பார்த்து எழுதினேன். பெரிய வரவேற்பு. அடுத்த வருஷமும் எழுதச் சொன்னார்கள். அதற்கடுத்த வருஷமும் சொன்னார்கள். பிறகு சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. பொங்கலுக்குக் கரும்பு, சித்திரையில் வெயில், தீபாவளிக்கு இந்த ஊர்.

பண்டிகைச் செய்தி எப்படித் தயாராகும் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சிறப்புப் பக்கம் முன்கூட்டியே கட்டப்படுவதால், நடக்காத ஒன்றை நான்கு நாள் முன்னால் நடந்ததுபோல எழுதி அனுப்ப வேண்டும். "இந்த ஆண்டும் பட்டாசு வெடிக்காமல் கொண்டாடுகின்றனர்" என்று எழுதும்போது தீபாவளி வந்தே இருக்காது. இதில் தவறு வராமல் இருக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். அனுப்புவதற்கு முன் அந்த ஊர்த் தலைவரான அம்பலகாரருக்குப் போன் போடுவேன். "ஒன்னும் மாத்தம் இல்லையே?" என்பேன். "வழக்கம்போலத்தாண்ணே" என்பார். போன வருஷச் செய்தியை எடுத்து, வருஷத்தை மாற்றி, இரண்டு வரியை முன்பின்னாகப் போட்டு அனுப்பிவிடுவேன். முதலில் நேரில் போனேன், பிறகு போன் செய்தேன். இந்த இறக்கம் எத்தனை வருஷத்தில் நடந்தது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நான் சொல்லும் வருஷம், அம்பலகாரரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்று அவர் மதுரையில் இருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு தடவை முயன்றேன். இங்கே, சிறப்புப் பக்கம் பார்க்கும் டெஸ்க் தலைவர் மூன்று மணிக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகப் பேசுவார், அதுதான் பயமாக இருக்கும். காரைக்குடியிலிருந்து அந்த ஊருக்குப் பைக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எனக்கு அன்று ஜவுளிக்கடைக் கூட்ட நெரிசல் செய்தியும் இருந்தது. "வழக்கம்போலத்தாண்ணே" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் அது வந்தது. கால் பக்கம், போன வருஷப் படத்தோடு. "கண்மாய் முழுக்கப் பறவைகள், காதுக்கு இனிமையாக அவற்றின் ஒலி மட்டுமே கேட்கிறது" என்று ஒரு வரி. நன்றாக எழுதப்பட்ட வரிதான். எத்தனையோ வருஷம் முன்னால் நான் கரையில் நின்று எழுதியது.

ஆச்சியின் வாட்ஸ்அப் குழு அன்று தூங்கவில்லை. காலையில் ஆச்சி போட்டார். அவர் போட்டதைச் சிங்கப்பூரில் இருக்கும் மகள் அங்குள்ள குழுக்களில் போட்டார். மலேசியாவிலிருந்து யாரோ கண்ணீர் வந்ததாக எழுதியிருந்தார். மதியத்துக்குள் அது சுற்றிக்கொண்டு எனக்கே நான்கு பேரிடமிருந்து வந்து சேர்ந்தது, ஒருவர் மட்டும் "இதைப் படித்தீர்களா?" என்று கேட்டிருந்தார். சாயங்காலம் ஆச்சியே பேசினார். "தம்பி, வருசா வருசம் படிச்சுட்டு ரசிச்சுட்டு விட்டுர்றோம். இந்தத் தடவ நேர்லயே போயி அந்த மக்களுக்கு ஒரு மரியாதை செஞ்சுட்டு வருவோம். வேன் பேசியாச்சு. நீங்க இல்லாமயா? உங்களுக்கும் ஒரு பொன்னாடை உண்டு."

பொன்னாடை என்றதும் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளியன்று காலை பத்து மணிக்கு வேன் அந்த ஊர் மண்ரோட்டில் திரும்பியது. ஆச்சி மடியில் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் நிறைந்த பலகாரத் தூக்குகள். என் பக்கத்தில் ஆத்தங்குடிச் செல்வம். தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறையில் வேலை பார்ப்பவர், குழுவிலேயே பறவைகளைச் சரியாகத் தெரிந்தவர், கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும். வழி நெடுகச் சுற்று ஊர்களில் வெடிச்சத்தம். இந்த ஊர் எல்லை வந்ததும் சத்தம் நின்றது. ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு, "கேட்டீகளா?" என்றார். வேனில் இருந்த எல்லோரும் அந்த அமைதியை ரசித்தார்கள்.

கண்மாய்க்கரையில் வேன் ஏறியபோது கண்மாய்க்குள் தண்ணீர் இல்லை. வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கருவேல மரங்களில் பழைய கூடுகளின் சுள்ளிகள் தொங்கின, வேறு ஒன்றும் இல்லை. செல்வம் இறங்கி, கரையில் நின்றபடியே பைனாகுலரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் ஓட்டினார். "ஒன்னுமே இல்லைங்களே ஆச்சி" என்றார். ஆச்சி என்னைப் பார்த்தார். நான் கண்மாயைப் பார்த்தேன்.

ஊர்ச் சாவடிக்கு முன்னால் ஜனம் கூடியிருந்தது. வரவேற்கத்தான் நிற்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். நடுவில் பட்டாசுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. சரவெடி, லட்சுமி வெடி, அணுகுண்டு, எல்லாம் பிரிக்காத பெட்டிகள். சுற்றிப் பிள்ளைகள் புதுத்துணியோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளைகூட ஓடவில்லை, கத்தவில்லை.

அம்பலகாரர் வந்து கும்பிட்டார். மதுரையிலிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். ஆச்சி கொண்டுவந்த சால்வையைப் போர்த்தியதும் நெளிந்தார். எனக்கான பொன்னாடை வேனிலேயே மடிப்புக் கலையாமல் இருந்தது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். காளீஸ்வரி என்று பெயர், நூறு நாள் வேலைக் குழுவுக்குப் பொறுப்பு. அவர் பின்னால் அவருடைய மகள், ஏழாவது படிக்கிற மீனா, கையில் பற்றவைக்காத ஊதுபத்தியோடு நின்றாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. ஒன்னு கேக்கணும்" என்றார் காளீஸ்வரி. "ரெண்டு வருசமா மழையில்ல. கம்மா வத்திப் போச்சு. பறவ வரல. பறவைக்காகத்தான வெடிக்காம இருந்தோம், வராத வருசம் பிள்ளைக வெடிச்சா என்னன்னு ஊர்க்கூட்டத்துல நாந்தான் கேட்டேன். நானு வாக்கப்பட்டு வந்தவ. எங்க ஊருல வெடிச்சுத்தான் வளந்தேன். எம் மக ஒரு ஓலவெடிகூடப் போட்டதில்ல. ஊரே சரின்னுருச்சு. ஆளாளுக்குப் பெட்டி வாங்கியாந்தாச்சு. விடியக்காலம் ஆறு மணிக்கு வெடிக்கிறதா இருந்தோம். நேத்து உங்க பேப்பரு வந்துச்சு."

மீதியை அம்பலகாரர் சொன்னார். பேப்பரைப் பார்த்துவிட்டு அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து பாராட்டிப் பேசினார்களாம். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் பெருமையாகப் போன் செய்தார்களாம். "இவ்வளவு பேரு நம்பிக்கிட்டு இருக்கப்ப நாம வெடிச்சா ஊரு பேரு என்னத்துக்காகும்? அதான் வேணாம்னு நிப்பாட்டிட்டேன்" என்றார்.

காளீஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பறவ நெறஞ்சு கெடக்கு, சத்தம் இனிமையாக் கேக்குதுன்னு எழுதிருக்கீக. நீங்க எப்பண்ணே வந்து பாத்தீக?"

இந்த இடத்தில் நடந்ததை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எனக்கு ஒரு பொய் தேவைப்பட்டது, நான் யோசிப்பதற்குள் அதை இன்னொருவர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். "ஏத்தா காளீசு, வந்த விருந்தாளிக்கிட்ட என்ன கேள்வி?" என்றார் அம்பலகாரர். "அண்ணன் முந்தியே வந்து பாத்துட்டுத்தான் போனாக. அப்ப நாலு பறவ இருந்துச்சு. பெறகு போயிருச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

நான் உடனே மறுக்கவில்லை. இருபது வருஷமாக ஆச்சி என்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பொன்னாடையும் பெயரும் தப்பும். பிள்ளைகள் வெடிக்காமல் வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான். மீனா ஊதுபத்தியைக் கீழே போடாமல், பற்றவைக்கவும் முடியாமல், விரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இல்லை. நான் வரவே இல்லை. போன வருஷம் எழுதியதைத்தான் அனுப்பினேன்" என்றேன்.

ஆச்சிதான் பேசினார். "அப்ப நேத்துலருந்து நாங்க ரசிச்சுக்கிட்டு இருந்தது எதைத் தம்பி?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை.

டெஸ்க் தலைவருக்குப் போன் போட்டேன், மறுப்புச் செய்தி போட வேண்டும் என்று. "நாளைக்கு ஏதுய்யா பேப்பர்?" என்றார். தீபாவளிக்கு மறுநாள் பத்திரிகை கிடையாது என்பது எனக்கும் தெரியும், அந்த நிமிஷத்தில் மறந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் அச்சேறும். இந்தப் பிள்ளைகளுக்குத் தீபாவளி இன்றைக்குத்தான்.

பொய் எந்த வழியாகப் பரவியதோ அந்த வழியாகவே உண்மையையும் அனுப்பலாம் என்று தோன்றியது. "ஆச்சி, என்னை வீடியோ எடுத்து உங்க குழுவுல போடுங்க. எல்லாருக்கும் அனுப்பச் சொல்லுங்க" என்றேன். ஆச்சி தயங்குவார் என்று எதிர்பார்த்தேன். "வெயில்ல வந்து நில்லுங்க. மொகம் தெரியணும்" என்றார்.

வெயிலில் நின்று சொன்னேன். "நேற்று வந்த செய்தியை எழுதியவன் நான். இந்த வருஷம் நான் இந்த ஊருக்கு வராமலே எழுதினேன். கண்மாய் வற்றிவிட்டது. ஒரு பறவைகூட வரவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் இன்று வெடித்தால் அதில் எந்தத் தவறும் இல்லை. தவறு என்னுடையது." செல்வம் அதை இன்னும் நான்கு குழுக்களுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில்கள் வந்தன. என்னைப் பற்றி வந்தவற்றை விட்டுவிடுவோம். ஆச்சியின் மகள், "பாவம், பிள்ளைகள் வெடிக்கட்டும்" என்று போட்டிருந்தார். அம்பலகாரர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "ம், வெடிங்க" என்றார்.

அப்போது எழுந்த சத்தம் இருக்கிறதே, அதை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. பிள்ளைகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரைக்கு ஓடினார்கள். முதல் சரத்தை மீனாதான் கொளுத்த வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பயம். காளீஸ்வரி அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஊதுபத்தியைத் திரியில் வைக்கச் சொல்லி, பிடித்த கையோடு பின்னால் இழுத்தார். சரம் வெடிக்கத் தொடங்கியது. மீனா காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். நான் செய்த தவறைச் சரி செய்துவிட்டேன் என்று நினைத்தேன். மனசு லேசாகக்கூட ஆகிவிட்டது.

கண்மாயின் மறுகோடியில், பழைய மடைக்குப் பக்கத்தில், அடர்ந்த கருவேல மரங்கள் மூன்று நிற்கின்றன. அவற்றுக்குள்ளிருந்து பறவைகள் எழும்பின. சாம்பல் நிறம், முதுகு மட்டும் கறுப்பு. தொண்டை கட்டியதுபோல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு கலைந்து பறந்தன.

"வக்கா!" என்று கத்தினார் செல்வம். "ராக்கொக்கு! ஐயோ, அது பகல்ல எலைக்குள்ள அசையாம உக்காந்துருக்குமே! கரையில நின்னு பாத்தா எப்படித் தெரியும்!"

சரம் நிற்கவில்லை. நீளமான சரம், பாதிகூட வெடித்திருக்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காளீஸ்வரி மட்டும் திரும்பி ஓடினார். எங்களுக்குக் குடிக்க என்று சாவடியில் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து, வெடித்துக்கொண்டிருந்த சரத்தின் மேல் அப்படியே கவிழ்த்தார். பொறி தெறித்துப் புதுச்சேலையில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்தது. ஊர்க்கூட்டத்தில் வெடி வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அவர். அணைத்ததும் அவர்தான்.

புகை அடங்கியதும் என்னிடம் வந்தார். "பறவ ஒன்னுகூட இல்லைன்னு இப்பத்தான போனுல சொன்னீக?"

நான் மடைப் பக்கம் திரும்பி அந்த மூன்று மரங்களைப் பார்த்தேன்.

"எங்க மேலயும் தப்புதான். நாங்களும் கரையில நின்னுதான் பாத்தோம். அந்திக்கு என்னமோ கத்திக்கிட்டுப் போகும், காக்கான்னு விட்டுட்டோம்" என்றார். "ஆனா எழுதுறது நீங்க. நடந்து போயி எண்ணிட்டு வாங்க. நாங்க இங்கனயே நிக்கிறோம். பெட்டியத் தொட மாட்டோம்."

நடந்தேன். தீபாவளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கருவேல முள்ளுக்கு நடுவில், வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள். செல்வமும் வந்தார். மடைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. கரையிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளம். மரங்களில் புதிதாகச் சுள்ளி வைத்த கூடு இரண்டு, பாதி கட்டியபடி. நாங்கள் ஒரு முட்புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். பறந்துபோனவை ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எண்ணினோம். பறந்தபோதே செல்வம் எண்ணி வைத்திருந்தது ஒன்பது. வந்தது ஏழு. இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம், ஏழுதான்.

திரும்பி வந்தபோது ஊர் முழுக்க அங்கேயே வெயிலில் நின்றது. ஆச்சியும் நின்றார். "ஏழு இருக்கு. ரெண்டு திரும்பல. ரெண்டு கூடு ஆரம்பிச்சிருக்கு" என்று சொன்னேன்.

அம்பலகாரர் யாரையும் பார்க்காமல், "ஏழுன்னாலும் வழக்கம் வழக்கந்தான்" என்றார். பிள்ளைகள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு சாவடிக்குள் வைக்கப் போனார்கள். மீனா அழவில்லை. அம்மாவிடம், "நான் வெச்சதுனாலயாம்மா அந்த ரெண்டும் வரல?" என்று மட்டும் கேட்டாள். காளீஸ்வரி, "இல்லத்தா" என்றார். அதற்கு மேல் யாரால் வரவில்லை என்று சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன்.

திரும்பி வரும்போதும் பொன்னாடை வேன் சீட்டிலேயே கிடந்தது.

இரண்டு நாள் கழித்து மறுப்பு வந்தது. நான் உருக்கமாக அரைப் பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். டெஸ்க் தலைவர் அதை ஆறு வரியாக வெட்டிவிட்டுப் பேசினார். "உன் வருத்தம் வாசகனுக்கு எதுக்கு? ஏழு பறவை, ரெண்டு கூடு, ஊர் வெடிக்கலை. அது போதும்." போனை வைக்கும் முன், "வீடியோவையும் பார்த்தேன். பேப்பர்ல பார்க்காம எழுதினே, மன்னிப்புக் கேக்குறப்பவும் பார்க்காமத்தான் சொல்லியிருக்கே" என்றார். அவ்வளவுதான். விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது, அது தனி. எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் தண்டனை. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனரிக் கடை மாடிக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். ஆச்சி அந்த ஆறு வரியை எழுந்து நின்று வாசித்தார். அந்த ஊரைப் பற்றி நான் அலங்காரமாக எழுதிய பழைய செய்தியை எத்தனையோ தடவை அதே குரலில் வாசித்தவர். முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "யாரு பாத்தது?" என்றார்.

"நான்தான் ஆச்சி."

"எங்குட்டு நின்னு?"

"மரத்தடியில."

பசையை எடுத்து நோட்டில் ஒட்டினார். அதற்கு முன்னால் இருந்த கால் பக்கச் செய்தியைக் கிழிக்கவில்லை, அதன் மேல் குறுக்காக ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். நான் ஓய்வு பெறும் வரை அந்தக் கேள்வியை என்னிடம் அவர் ஒருமுறைகூடக் கேட்காமல் விடவில்லை.

கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் பெருகி, பறவைகள் வழக்கம்போல வந்து சேர்ந்தன. போய்ப் பார்த்தேன். சாவடி ஒழுகியதில் பட்டாசுப் பெட்டிகள் நமுத்துப்போய்விட்டதாகக் காளீஸ்வரி சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் ஒரு தீபாவளியை அந்தப் பிள்ளைகளிடமிருந்து இரண்டு தடவை பறித்தவன் நான் என்பது எனக்குத் தெரியும். மீனா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவள் தன் கையால் கொளுத்திய வெடி அந்தப் பாதிச் சரம் மட்டும்தான் என்று நினைக்கிறேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்தத் தீபாவளியன்றே செல்வம் காளீஸ்வரியை ஆச்சியின் குழுவில் சேர்த்துவிட்டார். அந்த ஊர்க் கண்மாயில் எத்தனை பறவை, எத்தனை கூடு என்று மழைக்காலம் முழுக்க வாரா வாரம் அவர்தான் போடுகிறார். படம் கிடையாது, வர்ணனை கிடையாது, எண்ணிக்கை மட்டும். அதைத்தான் இப்போது சிங்கப்பூர் வரைக்கும் காத்திருந்து படிக்கிறார்கள்.

இந்தத் தீபாவளிக்கு உங்களில் ஒருவரை அந்தச் செய்தியை எழுதச் சொல்வார்கள். மூன்று மணிக்குள் வேண்டும் என்பார்கள். உங்களுக்கும் ஜவுளிக்கடை நெரிசல் இருக்கும். காளீஸ்வரியின் எண் என்னிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறேன். ஆனால் போனிலேயே எண்ணிக்கையைக் கேட்டு முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான் ஒருமுறை முயன்று பார்த்தேன். எடுத்ததும் அவர் கேட்டது இதுதான்: "அண்ணே, மரத்தடியில நிக்கிறீகளா?"